இரவு 2 மணி ஜாப் ஏன் 2 மணிக்கு ஓடியது என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் தொழில் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. நம் பக்கத்துத் தொழிற்சாலைகள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் ராத்திரி நேரத்துக் கம்ப்யூட்டர் வேலைகளை ஒரே இடத்திலிருந்து நடத்தும் ஆட்டோமேஷன் மென்பொருளுக்கு மாறுகின்றன, பழைய ஜாப்களை எல்லாம் ஒரு பட்டனைத் தட்டி இம்போர்ட் செய்துவிடலாம், அதாவது புது மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிடலாம், சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் பேசியவர்கள் மென்பொருள் விற்பவர்களும் நிர்வாகிகளும்தான். அந்தச் சனி ஞாயிறில் சர்வர் ரூமில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பேசவில்லை. நான் அப்படி உட்கார்ந்திருந்தவள், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் 1998லிருந்து வேலை செய்கிறேன். நான் சேர்ந்தபோது கணக்குகளைக் கம்ப்யூட்டரில் பார்க்கும் எங்கள் பிரிவுக்கு ஈ.டி.பி. செக்‌ஷன் என்று பெயர், இப்போது ஐ.டி. என்கிறார்கள். ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் சர்வர்கள் குறித்த நேரத்துக்குச் சில வேலைகளைச் செய்துகொண்டே இருக்கும். கேட்டில் கைரேகை வைத்த கணக்கை இழுத்து வரும், அன்றைய ஸ்டாக்கைக் கூட்டும், பேக்கப் எடுக்கும், பாங்குக்கு அனுப்ப வேண்டிய சம்பள ஃபைலைத் தயார் செய்யும். இவற்றைத்தான் ஜாப் என்கிறோம். லினக்ஸ் சர்வரில் இதற்கு க்ரான் என்று ஒன்று இருக்கிறது. 1979ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது, இன்று பல இடங்களில் ஓடுவது 1987ல் பால் விக்சி எழுதியதன் வழி வந்தது. விண்டோஸ் சர்வரில் டாஸ்க் ஷெட்யூலர், டேட்டாபேஸுக்குள் எஸ்.கியூ.எல். சர்வர் ஏஜென்ட். இப்படி ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனிக் கடிகாரம், தனித்தனிப் பட்டியல்.

இது கம்ப்யூட்டர்காரர்கள் விஷயம் என்று மற்ற வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் ஏறியதாக உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வரும் எஸ்.எம்.எஸ்., நாளைக் காலை எத்தனை மணிக்கு எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செய்தி, ஹாஸ்டலில் இருக்கும் பையனின் மெஸ் பில், இவற்றுக்கெல்லாம் பின்னால் ராத்திரியில் ஓடிய ஒரு ஜாப் இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் நடமாடும் ஊர் நம் வேலூர். அவர்களுக்கு ஒரு நாள் தேதி மாறிப்போனால் ரயில் டிக்கெட், வாடகை எல்லாம் மாறும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது மென்பொருள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்களிடம் ஆறு சர்வர்களிலும் அக்கவுன்ட்ஸ் மேசைக்கடியில் இருந்த ஒரு பழைய பி.சி.யிலுமாக 143 ஜாப்கள் இருந்தன. ராத்திரி ஒன்று விழுந்தால், அதாவது ஓடாமல் நின்றுபோனால், காலையில் யாராவது போன் செய்து ரிப்போர்ட் வரவில்லை என்று சொன்னால்தான் தெரியும். கன்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ், ஐ.பி.எம். ஒர்க்லோட் ஷெட்யூலர் மாதிரியான மென்பொருள்களில் எல்லா ஜாபும் ஒரே திரையில் தெரியும், முன்னது முடிந்தால்தான் பின்னது கிளம்பும், விழுந்தால் உடனே ஆளை எழுப்பும். இதற்காகப் பல வருடம் கேட்டு, எழுதிப் போட்டு, அலைந்திருக்கிறேன். வந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை மென்பொருளை நிறுவித் தரும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்தார்கள். நல்ல பிள்ளைகள், வேலை தெரிந்தவர்கள். டாஸ்க் ஷெட்யூலரிலிருந்து எக்ஸ்.எம்.எல். ஃபைல்களாக எடுத்தார்கள், க்ரான் பட்டியலை எடுத்தார்கள், இம்போர்ட் கருவியில் கொடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் 143 ஜாப்களும் வந்து இறங்கிவிட்டதாகப் பச்சை டிக்குடன் ரிப்போர்ட் வந்தது. கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினோம்.

செப்டம்பர் 7ஆம் தேதி சம்பள எஸ்.எம்.எஸ். போனது. அரை மணி நேரத்தில் ஸ்டிச்சிங் லைனிலிருந்து ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். திமிரிக்குப் பக்கத்துக் கிராமம், விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவள். "அக்கா, நான் ஒரு நாள்கூட லீவு போடலியே, நாலு நாள் ஆப்சென்ட்னு வந்திருக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். மத்தியானத்துக்குள் காலை ஷிப்டு லைன் முழுக்க வந்துவிட்டது. எல்லோருக்கும் அதே கதை, ஆகஸ்ட் கடைசி நாட்களில் ஆப்சென்ட். மாதத் தொடக்கத்தில் கடைக்காரருக்கும் சீட்டுக்கும் சொல்லி வைத்த பணம் அது. அன்று அவர்கள் முகத்தைப் பார்த்து நான் சொன்ன பதில், சிஸ்டத்தில் பார்க்கிறேன் என்பதுதான்.

பார்த்தபோது தெரிந்தது இவ்வளவுதான். தினமும் ராத்திரி 2 மணிக்கு ஒரு ஜாப் முந்தின நாள் வருகைப் பதிவை மூடும். அதுவரை கேட்டில் விழுந்த கைரேகைகளை எல்லாம் முந்தின நாள் கணக்கில் சேர்த்துவிட்டு, அடுத்ததிலிருந்து புது நாள் என்று எடுத்துக்கொள்ளும். புது மென்பொருளின் தலைமை சர்வர் க்ளவுடில் இருந்தது, அதன் கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரம், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். டாஸ்க் ஷெட்யூலரின் எக்ஸ்.எம்.எல். ஃபைலில் சாதாரணமாக 02:00 என்று மட்டும்தான் இருக்கும், எந்த ஊர் 2 மணி என்று இருக்காது, ஏனென்றால் அந்த மெஷின் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நேரம் என்று அர்த்தம். இம்போர்ட் ஆனபோது 02:00 அப்படியே 02:00 ஆக வந்தது. நம் ஊர்க் கணக்கில் அது காலை 7:30. ஆறரை மணி ஷிப்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் அதற்குள் கை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே வந்த பதிவு முந்தின நாளுக்குப் போய்விட்டது, அன்றைய நாளில் வெளியே போன பதிவு, அதற்கு முன் உள்ளே வந்த பதிவு இல்லாமல் ஜோடி சேராமல் நின்றது. ஜோடி சேராத பதிவு என்றால் ஆப்சென்ட்.

சரி, நேரத்தைத் திருத்தினோம், அடுத்த வாரத்தில் பாக்கிப் பணத்தையும் போட்டார்கள். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஜாப் ஏன் 2 மணிக்கு இருந்தது, ஏன் 12:30க்கோ 4 மணிக்கோ இல்லை என்பது அந்த அறையில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து வருடமாகப் பக்கத்திலேயே இருக்கும் எனக்கும் தெரியாது. அதை வைத்தவர் எங்கள் பழைய ஈ.டி.பி. அண்ணா. ரிடையர் ஆகிக் குடியாத்தத்தில் இருக்கிறார். போன் செய்தேன். யோசிக்கக்கூட இல்லை, உடனே சொன்னார்: "பேரணாம்பட்டு யூனிட் மெஷின் டேட்டா போன் லைன்ல வரும்மா, மழை பெய்தா ஒன்றரை மணி வரைக்கும் இழுக்கும், அதான் ரெண்டுன்னு வச்சேன். காலையில ஆறு மணிக்கே பொண்ணுங்க கை வைக்க ஆரம்பிச்சுடுவாங்க, அதுக்கு முன்னாடி மூடியே ஆகணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எப்போ ஓடினாலும் சரிதான்." மாறுவதற்கு முன் உங்களை யாராவது கேட்டார்களா அண்ணா என்றேன். "யாரும் கேக்கலியேம்மா" என்றார்.

இதைத்தான் ஆசிரியரே நான் சொல்ல வந்தது. இம்போர்ட் கருவி எடுத்து வருவது நேரம், கட்டளை, எந்த யூசர் பெயரில் ஓட வேண்டும் என்பது, இவ்வளவுதான். ஏன் அந்த நேரம், எதற்குப் பிறகு, எதற்கு முன்னால், தவறினால் காலையில் யார் அழுவார்கள் என்பது எந்த ஃபைலிலும் இல்லை. அது ஆட்களிடம் இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனிகளில் அந்த ஆட்கள் ஒன்று ரிடையர் ஆகிவிட்டார்கள், இல்லை அடுத்த வருடம் ஆகப் போகிறார்கள்.

இன்னும் சில இடங்களில் எப்படி வழுக்கும் என்று சொல்கிறேன், இந்த வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு உதவும். பழைய முறையில் ஒரு ஜாப் முடிந்ததா என்று அடுத்த ஜாபுக்குத் தெரியாது, அதனால் இடைவெளி விட்டு வைப்போம். 1 மணிக்கு டேட்டா இழு, 1:30க்குக் கணக்குப் போடு, 2:15க்கு ஃபைல் தயார் செய். அந்த அரை மணி நேரம்தான் இரண்டுக்கும் இருந்த உறவு. இம்போர்ட் ஆன பிறகு அவை மூன்று தனித்தனி ஜாப்களாக நிற்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று கருவிக்குத் தெரிய வழியே இல்லை. சங்கிலியை நாம்தான் உட்கார்ந்து கோர்க்க வேண்டும். கோர்த்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. முன்னது வெற்றியா தோல்வியா என்பதைப் புது மென்பொருள் ஸ்கிரிப்ட், அதாவது ஜாபின் கட்டளைகள் எழுதிய ஃபைல், ஓடி முடியும்போது தரும் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்யும், 0 என்றால் வெற்றி. எங்கள் பழைய ஸ்கிரிப்ட் பலவற்றில் நடுவில் காப்பி ஆகாமல் போனாலும் கடைசி வரியில் லாகில் 'முடிந்தது' என்று எழுதிவிட்டு 0 தந்துவிடும். அந்தக் காலத்தில் யாரும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை, அதனால் குறையாகத் தெரியவில்லை. இப்போது அதை நம்பி அடுத்த ஜாப் கிளம்பும். ஆகவே இம்போர்ட் செய்வதற்கு முன்னால் ஸ்கிரிப்டுகளைத் திறந்து படித்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

க்ரானில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 0 2 1 * 1 என்று ஒரு வரி இருந்தால் (வரிசையாக நிமிடம் 0, மணி 2, தேதி 1, எந்த மாதமும், கிழமை திங்கள்), 1ஆம் தேதி திங்கட்கிழமையாக வரும்போது மட்டும் ஓடும் என்று நினைப்பார்கள். கிடையாது. ஒவ்வொரு 1ஆம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓடும். தேதி, கிழமை இரண்டையும் குறித்துவிட்டால் இதுவோ அதுவோ எது வந்தாலும் ஓடு என்று க்ரான் எடுத்துக்கொள்ளும். புது மென்பொருள் இதை இரண்டும் சேர்ந்து வரும் நாள் என்று படித்தால் ஜாப் வருடத்தில் ஒன்றிலிருந்து மூன்று முறை மட்டும் ஓடும், நிதியாண்டு முடியும் வரைக்கும்கூட யாரும் கவனிக்காமல் போகலாம். அப்புறம் க்ரானில் சதவீதக் குறி என்றால் வரி உடைப்பு என்று அர்த்தம், அதற்காக முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டு வைத்திருப்போம். க்ரானை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சாய்கோடு சில இடங்களில் அப்படியே ஃபைல் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். க்ரான் பட்டியல் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி என்பதையும் மறந்துவிடுகிறார்கள், எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசருடையதை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணிக்கை காட்டுவார்கள். முக்கியமானது இன்னொன்று, # போட்டு எழுதிய குறிப்பு வரிகள். ஏன் இந்த ஜாப், யாரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருந்தன. ஜாப்கள் புதுத் திரைக்கு வந்துவிட்டன, குறிப்புகள் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டன.

விண்டோஸில் வேறு மாதிரி. எக்ஸ்.எம்.எல். எடுக்கும்போது யூசர் பெயர் வரும், பாஸ்வேர்ட் வராது, வரவும் கூடாது. ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்கே எங்களுக்கு நான்கு நாள் ஆனது. இசட் டிரைவ் என்று நாம் லாகின் செய்தால் தெரியும் நெட்வொர்க் ஃபோல்டர், யாரும் லாகின் செய்யாமல் ஓடும் ஜாபுக்குத் தெரியாது. இதெல்லாம் முதல் ராத்திரியே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும், அதனால் பெரிய ஆபத்தில்லை. விழாமல் தப்பாக ஓடுகிற ஜாப்தான் ஆபத்து.

நேரத்தைத் திருத்துவதிலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்களே முதலில் தப்பாகத் திருத்தினோம். ராத்திரி 2 மணி என்பது யு.டி.சி.யில் முந்தின நாள் 20:30, அதனால் எல்லா ஜாபையும் ஐந்தரை மணி நேரம் முன்னால் தள்ளிவிடலாம் என்றார் ஒருவர். தினசரி ஜாபுக்கு அது சரி வரும். திங்கட்கிழமை ஜாப் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும், கிழமையையும் மாற்ற வேண்டும். மாதம் 1ஆம் தேதி ஜாப்? அது முந்தின மாதத்தின் கடைசி நாளுக்குப் போகும், அது 28ஆ 29ஆ 30ஆ 31ஆ, மாதத்துக்கு ஒரு மாதிரி. மாதக் கடைசி நாள் என்று சொல்லச் சாதாரண க்ரானில் வழியே கிடையாது. கடிகாரத்தோடு மல்லுக்கட்டாமல் ஒவ்வொரு ஜாபிலும் நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று வைத்துவிட்டால் முடிந்தது. அந்த வசதி மென்பொருளில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

லீவு நாள் கணக்கு இதைவிட நுணுக்கமானது. புது மென்பொருளில் காலண்டர் இருக்கிறது, வருட லீவுகளை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பாங்கு லீவு, அதையும் போடலாம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும், ரம்ஜான் லீவு எந்த நாள் என்பது பிறை தெரிந்த பிறகுதான் உறுதியாகும். அண்ணா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பிறை தெரிந்ததாகச் செய்தி வந்ததும் ராத்திரி டூட்டி ஆள் ஒரு ஃபோல்டரில் 'லீவு' என்று ஒரு வெறும் ஃபைலைப் போடுவார், ஸ்கிரிப்ட் ஓடும்போது அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் யாருக்கும் ஆப்சென்ட் போடாமல் நின்றுவிடும். இது ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறது, ஷெட்யூலில் இல்லை. எந்த இம்போர்ட் கருவியும் இதைப் பார்க்காது. புது சர்வரில் அந்த ஃபோல்டரே உருவாக்கப்படவில்லை என்பதை நாங்கள் ரம்ஜானுக்கு முன்னாலேயே கண்டுபிடித்ததற்குக் காரணம் அண்ணாவின் நோட்டில் அது எழுதியிருந்ததுதான்.

சின்ன ஊர் என்பதால் இப்படி நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2012 ஜூனில் பிரிட்டனில் ஆர்.பி.எஸ். பாங்கு குழுமத்தில் ராத்திரி பேட்ச் ஜாப்களை வரிசைப்படுத்தும் மென்பொருளை அப்டேட் செய்தார்கள். அதில் கோளாறு, பழைய பதிப்புக்கே திரும்பலாம் என்று போனபோது சிக்கல் இன்னும் பெரிதானது. ஆர்.பி.எஸ்., நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பாங்கு வாடிக்கையாளர்கள் 65 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், சம்பளம் ஏறவில்லை, வீட்டுக் கடன் தவணை போகவில்லை. 2014ல் அங்கே உள்ள கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டன. அவ்வளவு பெரிய பாங்கிலும் ராத்திரி வரிசை குலைந்தால் அடி விழுவது மாதச் சம்பளக்காரருக்குத்தான்.

காரணம் தெரியாததால் இன்னொரு பக்கத்திலும் நஷ்டம் உண்டு, தேவையில்லாததையும் தூக்கிக்கொண்டு வருகிறோம். எங்கள் 143ல் ஒரு ஜாப் ஒவ்வொரு மாதமும் எக்ஸைஸ் ஸ்டேட்மென்ட் தயாரித்து ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வேலை முடிந்தது. சம்பள ஃபைல் விடியற்காலையிலேயே தயாராக வேண்டும் என்று ஒரு கெடுபிடி இருந்தது, ஏனென்றால் பாங்குக்கு பாங்கு பணம் அனுப்பும் நெஃப்ட் அப்போது காலை 8 மணிக்குத்தான் திறக்கும், முதல் சுற்றிலேயே போக வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறது. அந்தக் கெடுபிடியை விட்டால் பேரணாம்பட்டு டேட்டாவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த 2019லேயே நம் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது, எங்கள் ஒரு ரிப்போர்ட்டின் தலைப்பில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரிந்திருந்தால் எதைத் தொடக் கூடாது, எதைத் தூக்கிப் போடலாம் என்று இரண்டுமே தெரியும். தெரியாவிட்டால் பயந்துகொண்டு எல்லாவற்றையும் கொண்டுபோவோம், காசு கொடுத்துப் புது இடத்தில் ஓட்டுவோம்.

அதனால் நம் பக்கத்து நிர்வாகிகளிடம் கேட்பது இதுதான். ஒப்பந்தத்தில் இம்போர்ட் இரண்டு நாள் என்று போட்டிருந்தால், அதற்கு முன்னால் இரண்டு மாதம் கணக்கெடுப்புக்கு ஒதுக்குங்கள். எல்லா சர்வரிலும், எல்லா யூசரிடமும், மேசைக்கடியில் இருக்கும் பி.சி.யிலும் என்ன ஓடுகிறது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஏன், யாருக்காக என்று ஒரு வரி நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப முடியாத வரிகள்தான் உங்கள் ஆபத்து. ரிடையர் ஆனவர்களைக் கூப்பிடுங்கள், சும்மா கூப்பிடாதீர்கள், நாள் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். மென்பொருள்காரர்களுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கட்டணத்தில் அவருக்கு ஒரு மாதம் கொடுக்கலாம். இம்போர்ட் ஆகும் ஜாப்கள் எல்லாம் ஓடாமல் ஹோல்டில் வந்து நிற்கட்டும், ஒரு சங்கிலி, அதன்பின் அடுத்த சங்கிலி என்று திறந்துவிடுங்கள். ஒன்றைப் புதுப் பக்கம் திறக்கும்போது பழையதை அதே நிமிடத்தில் டிசேபிள் செய்யுங்கள், இரண்டு பக்கமும் ஓடினால் எஸ்.எம்.எஸ். இரண்டு முறை போவதோடு நிற்காது, பாங்கு ஃபைலும் இரண்டு முறை போகும். டெலீட் மட்டும் செய்யாதீர்கள், ஒரு மார்ச் 31 தாண்டும் வரை பழையது அப்படியே இருக்கட்டும், வருடத்துக்கு ஒரே முறை ஓடும் ஜாப்கள் அன்றுதான் தலை காட்டும். சம்பளத்தைத் தொடும் சங்கிலியை மாதக் கடைசியில் மாற்றவே மாற்றாதீர்கள், 10ஆம் தேதிக்குப் பிறகு மாற்றுங்கள், தப்பு நடந்தாலும் திருத்த இருபது நாள் கையில் இருக்கும். நாங்கள் ஆகஸ்ட் கடைசியில் மாற்றினோம். அந்தத் தேதியை வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

காட்பாடியிலும் பாகாயத்திலும் எத்தனையோ பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களும் இதைப் படித்தால் சந்தோஷம். க்ரான் வரியை எழுதச் சொல்லித் தருகிறீர்கள், நல்லது. பத்து வருடம் முன்னால் வேறொருவர் எழுதிய வரியைப் படித்து, அவரை எங்கே தேடுவது, என்ன கேட்பது என்பதற்கும் ஒரு வகுப்பு வையுங்கள்.

எங்கள் கம்பெனியில் நிர்வாகம் இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறது. அண்ணா சனிக்கிழமைதோறும் குடியாத்தத்தில் பஸ் ஏறி வேலூர் வந்து, அங்கிருந்து ராணிப்பேட்டை பஸ் பிடித்துப் பத்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறார். கையில் நீள நோட்டு இரண்டு, ஒன்று 2003லிருந்து, ஒன்று 2011லிருந்து. அவர் படிக்கிறார், நான் புது மென்பொருளில் அந்த ஜாபின் குறிப்புப் பெட்டியைத் திறந்து தமிழிலேயே தட்டச்சு செய்கிறேன், பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். அவளுடைய கேள்விகளால்தான் இரண்டு ஜாப்கள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன என்று தெரிய வந்தது. போன வாரம் 87 முடிந்தது. இந்தச் சனிக்கிழமை 88லிருந்து, அது பேரணாம்பட்டு ஸ்டோர்ஸ் ஜாப், அதற்கு அந்த யூனிட் ஸ்டோர்கீப்பரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி
(இன்னும் அங்கேயே வேலையில் இருப்பதால் பெயரைப் போட வேண்டாம்.)